இரண்டு பேருக்கு, ஏழு மாதத்துக்கு

தடதடவென்று சரிந்தது பெட்டிக் கோபுரம்.

என் பலகை ஆட்டக் கடையின் வாசலுக்கு உள்ளே இடது பக்கம் நான் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் அவை. முதுகில் பெரிய பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினாள். அவளோடு பையும் திரும்பியது. அவ்வளவுதான். மூன்று பெட்டிகளின் மூடி திறந்துகொண்டது. மஞ்சளும் நீலமுமாக மரக்கட்டைகள் தரை முழுக்க உருண்டன. ஒரு பகடை கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து, என் காலடியில் ஆறு காட்டி நின்றது.

"மோயின்," என்றாள் அவள், முகம் சிவந்துபோய்.

"மோயின்," என்றேன். காலையானாலும் மாலையானாலும், கடை இடிந்தே விழுந்தாலும், எங்கள் கரையில் முதலில் சொல்வது அதைத்தான்.

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த கேப்டன் யேப்சன் கைதட்டினார். "முப்பது வருஷம் படகு ஓட்டியிருக்கேன், பொண்ணு. துறைமுகச் சுவரை நானும் ரெண்டு தடவை இடிச்சிருக்கேன். ஆனா இவ்வளவு சத்தமா இல்லை!"

கேப்டனுக்கு எழுபத்தாறு வயது. தினமும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். மூன்று காய்களை ஒரே வரிசையில் நிறுத்தி எதிராளியின் காயைப் பிடுங்கும் மில் ஆட்டத்தை என்னோடு ஆடுவார். வாடிக்கையாளர் வந்து நான் எழுந்து போகும்போதெல்லாம் சட்டைக் கையால் ஒரு காயை மெல்ல நகர்த்தி வைப்பார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்தப் பெண் பையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டாள். கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காற்றும் உப்பும் தின்ற முகம். ஒரு கையில் ஐந்து ஐந்தாக அள்ளினாள், உதடு மட்டும் அசைந்தது.

"மஞ்சள் அறுபது. நீலம் ஐம்பத்தொம்போது," என்றாள். "ஒண்ணு குறையுது."

பெட்டியின் உள்மூடியைப் பார்த்தேன். நிறத்துக்கு அறுபது என்றுதான் அச்சடித்திருந்தது. குறைந்த ஒன்று கேப்டனின் காலணிக்குக் கீழே கிடைத்தது.

"எண்ணுறதுதான் உங்க வேலையா?" என்று கேட்டேன்.

"ஆமா. பறவை." அவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். "ஹோர்ன்சாண்ட் காவல் குடில். வீப்கே ஹான்சன்."

ஹோர்ன்சாண்ட் எங்கே என்று எனக்குத் தெரியும். துறைமுகத்திலிருந்து படகில் மூன்று மணி நேரம். கடல் ஏறினால் பாதியாகிற மணல் திட்டு. நடுவில் கால்களின் மேல் நிற்கும் ஒரு மரக்குடில். மார்ச் மாதம் இரண்டு பேர் போய் இறங்குவார்கள், அக்டோபரில் திரும்புவார்கள். நடுவில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாமான் படகு வரும். காற்று சம்மதித்தால்.

"ஒரு ஆட்டம் வேணும்," என்றாள் வீப்கே. "ரெண்டு பேருக்கு, ஏழு மாசத்துக்கு. ஒண்ணே ஒண்ணுதான். அங்க அலமாரியில வேற எதுக்கும் இடமில்லை. படகு ஒன்றரைக்குக் கிளம்புது."

"ஒன்றரைக்கு மேல தண்ணி இறங்கிடும்," என்று கேப்டன் ஒத்து ஊதினார். "அப்புறம் சேத்துல நடந்துதான் போகணும்."

மணி பதினொன்றே கால். எனக்கு அது போதும். இரண்டு பேருக்கான ஆட்டத்தைப் பரிந்துரைப்பது என்றால் எனக்குக் கொண்டாட்டம். மற்ற கடைகளில் பெட்டியின் மேல் இருப்பதைப் படித்துக் காட்டுவார்கள். 'இரண்டு முதல் நான்கு பேர்' என்று போட்டிருக்கும் பெட்டியை நான் நம்புவதே இல்லை. அந்த ஆட்டம் நான்கு பேருக்காகச் செய்யப்பட்டது. மூன்று பேர் என்றால் சமாளிக்கும். இரண்டே பேர் உட்கார்ந்தால், பெரிய நடனக்கூடத்தில் ஒரே ஒரு ஜோடி ஆடுகிற மாதிரி இருக்கும். பேரம் பேச ஆளில்லை, கூட்டுச் சேர ஆளில்லை. தோற்றவர் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விடவும் மூன்றாவது ஆள் கிடையாது. எதிரில் இருப்பது ஜெயித்தவர் முகம் மட்டும்தான்.

"உக்காருங்க," என்றேன். "விளையாடிப் பாக்காம நான் விக்கிறதில்லை. தேநீர்?"

"குடிக்கலாம்."

கற்கண்டு போட்டு, மேலே பாலேடு மிதக்கவிட்டுக் கொண்டுவந்தேன். அவள் கலக்காமல் குடித்தாள். எங்கள் ஊர்க்காரிதான்.

"முதல் கேள்வி," என்றேன். "உங்க ரெண்டு பேர்ல தோத்தா முகத்தைத் தூக்கி வச்சுக்கிறது யாரு?"

வீப்கே கோப்பையைப் பார்த்தாள். "தீஸ் மாட்டான். தீஸ்தான் என்கூட வர்றவன். அவன் தோத்தாலும் ஜெயிச்சாலும் அடுப்புக்கு விறகு போடப் போயிடுவான்."

"அப்ப நீங்க?"

"நான் விறகு போட மாட்டேன்."

கேப்டன் சிரித்தார். நான் அலமாரிக்குப் போனேன்.

முதலில் எடுத்து வந்தது, இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஆட்டத்தையே தோற்கடிக்க வேண்டிய வகை. மூழ்குகிற தீவிலிருந்து தப்பிக்கும் கதை. சண்டைக்குப் பயந்து வருபவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டுவது அதுதான். யாரும் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை.

அவள் படத்தைப் பார்த்துவிட்டு, வாசல் பலகையில் படித்த என் பெயரைச் சொல்லி மறுத்தாள். "வேணாம், ஃப்ரௌ லோரென்சன். நாள் முழுக்க அதைத்தான் செய்றோம். தண்ணி ஏறினா ரெண்டு பேரும் சேர்ந்து மேல ஓடுறது. ராத்திரியும் அதையேவா?"

நியாயம். அடுத்தது சீட்டு வகை. வேகமாக முடியும், அதிர்ஷ்டம் பாதி, தோற்றால் சீட்டைத் திட்டிக்கொள்ளலாம். நாள் கணக்கில் மூடுபனியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதிர்ஷ்டம் பெரிய ஆறுதல் என்று விளக்கினேன். திட்டுவதற்கு ஒரு பகடையோ சீட்டோ இருந்தால் மனுஷனைத் திட்ட வேண்டாம்.

"சீட்டைக் கையில மறைச்சு வச்சுக்கணுமா?"

"ஆமா. அதுதானே சீட்டு."

"அப்ப வேணாம்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "எதுவும் மறைஞ்சிருக்கக் கூடாது. எல்லாம் மேசை மேல, முகம் தெரியுற மாதிரி இருக்கணும். ஏமாத்தவே முடியாத ஆட்டமா குடுங்க."

 கேப்டன் தொண்டையைச் செருமினார்.

"ஏமாத்தாம என்ன விளையாட்டு? இதோ, கேஷேயைக் கேளு. நான் தினமும் ஏமாத்துறேன். அவ தினமும் கண்டுபிடிக்கிறா. அதுலதான் எங்க காலைப்பொழுதே ஓடுது."

"உங்களுக்கு நடக்கும்," என்றாள் வீப்கே. குரல் உயரவில்லை, ஆனால் இறுகியது. "வெளிய போனா ரொட்டிக் கடை இருக்கு, பேசுறதுக்கு ஊரே இருக்கு. அங்க அப்படி இல்லை."

"அது..." என்று ஆரம்பித்த கேப்டன், மில் காய்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். முப்பது வருடப் படகோட்டி வாழ்க்கையில் அவர் பாதியில் நிறுத்திய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

என் மனதில் படம் தெளிவாகிவிட்டது. கூட வருகிற தீஸ் கை சுத்தமில்லாதவன். போன வருடம் ஏதோ செய்திருக்கிறான். இவள் நல்லவள், மென்று விழுங்குகிறாள். அப்படிப்பட்டவனோடு ஏழு மாதம் ஏன் போகிறாள் என்று மட்டும் புரியவில்லை. கேட்டேன்.

"எனக்கு இது அங்க பதினோராவது வருஷம்," என்றாள். "போன ஜூலையில தீஸ் பாதியில கிளம்பிட்டான். நான் தனியா நின்னேன். தனி ஆள் எண்ணின கணக்கு செல்லாது. எங்களை அனுப்புற பறவைச் சங்கத்துல அந்த வருஷத்தையே தூக்கிப் போட்டுட்டாங்க. இந்த வருஷமும் ஒருத்தர் கிளம்பிட்டா இனிமே என்னை அனுப்ப மாட்டாங்க. கரையில பார்வையாளர் கூடத்துல நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. பாடம் பண்ணின சீல் பக்கத்துல உக்காந்து டிக்கெட் கிழிக்கணும்."

"வேற ஆள் கிடைக்கலையா?"

"ஏழு மாசம், மழைத் தண்ணியில குளியல், சம்பளம் கைச்செலவுக்கு. யார் வருவா? நேத்து சாயங்காலம் தீஸே போன் பண்ணினான். எட்டு மாசத்துல முதல் தடவையா. 'வரேன். ஆட்டம் நீயே பாத்து வாங்கிட்டு வா. ரெண்டு பேர் விளையாடுறதா.' அவ்வளவுதான், வச்சுட்டான்."

"நல்ல சேதிதானே?"

"தெரியலை. அவன் இன்னும் படகுல ஏறலை. துறைமுகத்துல வந்து பெட்டியைப் பாப்பான். பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா?" அவள் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள். "சரியானதைக் குடுங்க, ஃப்ரௌ லோரென்சன்."

ஆட்டம் விற்கத் தொடங்கி பத்தொன்பது வருடம். பிறந்தநாளுக்கு, கிறிஸ்துமஸுக்கு, மழை பிடித்த விடுமுறைக்கு விற்றிருக்கிறேன். ஒருத்தியின் பிழைப்பு என் கையில் இருக்கும் பெட்டியைப் பொறுத்திருக்கிறது என்று இதுவரை நினைத்ததில்லை.

ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து 'அணை' என்ற ஆட்டத்தை இறக்கினேன். சதுரப் பலகை. ஒருவருக்குக் கறுப்புக் கற்கள், மற்றவருக்கு வெள்ளை. மாற்றி மாற்றி ஒவ்வொரு கல்லாக வைத்து, கடலைத் தடுத்து நிலம் பிடிக்க வேண்டும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அதிர்ஷ்டமும் இல்லை. கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அலுக்க ஐந்து வருடம் ஆகும்.

"வெள்ளை நீங்க," என்றேன்.

நன்றாக விளையாடினாள். அவசரப்படவில்லை. என் கை கல்லை எடுக்கும்போது அவள் கண் பலகையில் வேறொரு மூலையில் இருக்கும். பறவைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண். பத்தாவது நகர்வில் என் பக்கத்தில் ஒரு பெரிய நிலத்தையே வளைத்துவிட்டாள்.

"கேஷே மூழ்கிட்டா," என்றார் கேப்டன் ஆசையாக.

"நீங்க பேசாம இருங்க. சலுகை விலைக்கு உங்களையும் வித்துருவேன்."

அப்போது பார்சல் வண்டிக்காரர் வந்தார். பன்னிரண்டு பெட்டி இறக்கினார், அதில் இரண்டு நசுங்கியிருந்தன. வெளியே போய் நின்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திரும்ப ஏழெட்டு நிமிடம் ஆகிவிட்டது.

உள்ளே வந்தபோது எங்கள் மேசையில் ஆள் இல்லை. பலகையும் கற்களும் அப்படியே இருந்தன. வீப்கே மட்டும் எழுந்து போய், ஜன்னலில் மூக்கு படுகிற தூரத்தில், எனக்கு முதுகு காட்டி நின்றாள். இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் மணிக்கட்டு வரை திணித்திருந்தாள்.

கேப்டன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நீ வாசலைத் தாண்டினதும் எழுந்துட்டா," என்றார் தணிந்த குரலில். "பலகைப் பக்கம் திரும்பவே மாட்டேங்குறா. நான் கூப்பிட்டுப் பாத்தேன். 'அவங்க வரட்டும்'ங்கிறா."

நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலியாக இருந்த அவள் நாற்காலியைப் பார்த்தேன். திருடனோடு ஆடியவர்கள் இப்படி எழுந்து போக மாட்டார்கள். அவர்கள் மேசையை விட்டு அசையவே மாட்டார்கள், தங்கள் கற்களுக்குக் காவல் இருப்பார்கள். தன் கையைத் தானே நம்பாதவர்கள்தான் பலகைக்கு முதுகு காட்டி நிற்பார்கள்.

மனதில் வரைந்திருந்த படத்தை அழித்துவிட்டு, ஆட்களை இடம் மாற்றிப் போட்டேன்.

"வீப்கே," என்றேன். "ஏமாத்தினது தீஸ் இல்லை."

அவள் திரும்பவில்லை. வெளியே மீன் ரொட்டிக் கடையின் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"இல்லை."

கேப்டன் எழுந்துபோய்த் தேநீர்க் கெண்டியை எடுத்துவந்து அவள் கோப்பையை நிரப்பினார். அவராகச் செய்தது. நான் சொல்லவில்லை.

"'மூடுபனி'ன்னு ஒரு ஆட்டம்," என்றாள். "தெரியுமா?"

தெரியாமல் என்ன. ஆளுக்குப் பதினான்கு மரக்கட்டை. எண் தன் பக்கம், முதுகு எதிராளி பக்கம் என்று நிறுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று ஊகித்து ஊகித்துப் பிடிக்க வேண்டும். இரண்டு பேருக்கென்றே செய்த நல்ல ஆட்டம். கடை ஜன்னலில் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"போன வருஷம் ஜூலையில பதிமூணு நாள் வெளிய ஒண்ணும் தெரியலை. பறவை எண்ண முடியாது. விளையாடினோம், வேற என்ன செய்றது? நான் முப்பத்தொரு ஆட்டம் வரிசையா தோத்தேன். முப்பத்தொண்ணு. எண்ணினேன், எனக்கு எண்ணாம இருக்க முடியாது. பதிமூணாம் நாள் காத்துல தண்ணித் தொட்டி மூடி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. தீஸ் அதைக் கட்டப் போனான். அவன் கட்டைங்க மேசை மேல நின்னுச்சு, முதுகு காட்டிக்கிட்டு. நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன்."

"பாத்தீங்க."

"பாத்தேன். ஒண்ணை மாத்தியும் வச்சேன். என் சின்ன மூணை அங்க வச்சுட்டு அவன் பெரிய பதினொண்ணை எடுத்தேன். பதினாலுல ஒண்ணு மாறினா தெரியாதுன்னு நினைச்சேன். நிமிர்ந்தா ஜன்னல் கண்ணாடிக்கு வெளிய தீஸ் நிக்கிறான். கையில கயிறு. உள்ள வந்தான், உக்காந்தான், ஆடினான், தோத்தான். 'நல்லா ஆடினே'ன்னு சொன்னான். விறகு போடப் போனான்."

"ஒரு வார்த்தையும் சொல்லலையா?"

"அன்னைக்கு இல்லை. மறுநாள் வெயில் வந்துச்சு. கடல் ஏத்தம். உள்ளான் பறவைக் கூட்டமெல்லாம் மணல் மேட்டுக்கு வந்துச்சு. நாங்க ரெண்டு பக்கத்துல இருந்து தனித்தனியா எண்ணணும். சாயங்காலம் ஒப்பிட்டுப் பாத்து, ஒரே தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அதுதான் முறை." அவள் ஒரு கையை வெளியே எடுத்துக் கண்ணாடியில் தெரிந்த தன் மூச்சுப் புகையைத் துடைத்தாள். "என்கிட்ட எட்டாயிரத்து நானூறு. அவன்கிட்ட ஆறாயிரத்து நூறு. இதுக்கு முன்னாடியும் வித்தியாசம் வந்திருக்கு. கூட்டம் பறந்து இடம் மாறும், ஒருத்தர் விட்டுருவோம். பேசுவோம், வரைஞ்சு பாப்போம், எங்க தப்புன்னு கண்டுபிடிப்போம். அன்னைக்கு அவன் என் நோட்டைப் பாத்தான், ரொம்ப நேரம். அப்புறம் தன் நோட்டை மூடினான். 'முந்தாநாள்னா எங்க தப்புன்னு உன்கிட்ட கேட்டிருப்பேன், வீப்கே'ன்னான். அடுத்த படகுல போயிட்டான்."

"உங்க எட்டாயிரத்து நானூறு?"

"சரியா எண்ணினது." இப்போதுதான் திரும்பினாள். கண் கலங்கவில்லை, ஆனால் முகம் பத்து வயது கூடிப்போயிருந்தது. "என் வாழ்க்கையில நான் ஒரு பறவையைக் கூடக் கூட்டிச் சொன்னதில்லை. அதை யார்கிட்ட சொல்றது? கட்டையை மாத்தினவ சொன்னா யார் கேப்பா?"

 ரொட்டி, மழை, டீசல் என்று துறைமுகத்தின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டார் கேப்டன்.

"எட்டு மாசமா எழுதிக்கிட்டு இருக்கேன். ஒரு கடிதமும் தபால் பெட்டி வரைக்கும் போகலை. எழுதினா நீளமா வருது. நீளமா வந்தா சாக்குச் சொல்ற மாதிரி இருக்கு."

"ஆட்டமே இல்லாம போயிடுங்களேன்," என்றேன். கடைக்காரி சொல்லக் கூடாத வார்த்தை.

"சாப்பாடு முடிஞ்சதும் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் எதைப் பாத்துக்கிட்டு உக்காருறது? நான் அவன் முகத்தையா? அவன் என் முகத்தையா?" என்று கேட்டாள். "வேணாம். 'அணை'யையே குடுங்க. இதுல அவன் தண்ணித் தொட்டி மூடியை நிம்மதியா கட்டலாம். திரும்பி வந்தா எல்லாக் கல்லும் எங்க இருந்துச்சுன்னு பாத்ததும் தெரிஞ்சுடும். அவன் என்னை நம்பவே தேவையில்லை. அதுதானே நல்லது?"

நல்லதுதான் என்று எனக்கும் தோன்றியது. ஆட்டத்தை முடிக்காமலேயே கற்களை எண்ணிப் பெட்டியில் போட்டோம். கறுப்பு எழுபத்திரண்டு, வெள்ளை எழுபத்திரண்டு. ஈரம் படாமல் இருக்க மெழுகுத்தாளில் சுற்றி, கயிறு கட்டினேன். முப்பத்தெட்டு யூரோ. அவள் பையின் மேல்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது கதவு திறந்தது.

இந்த முறை எதுவும் விழவில்லை. வந்தவர் அவ்வளவு நிதானமாக நுழைந்தார். நெடிய ஆள், தாடியில் மழைத்துளி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இரண்டு கையிலும் காகிதத்தில் சுற்றிய ரொட்டி.

"மோயின்."

"மோயின்," என்றோம் மூன்று பேரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல.

"உன் பை கடைக்குள்ள போறதைப் பாத்தேன்னு படகுக்காரர் சொன்னார்," என்றார் தீஸ் வீப்கேயிடம். ஒரு ரொட்டியை நீட்டினார். "வெங்காயம் போடலை."

அவள் வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. "எப்ப வந்தே?"

"பத்து மணிக்கே. துறைமுகத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

"இவ்வளவு நேரமா? குளிரலையா உனக்கு?"

"குளிருச்சு."

கேப்டன் என்னைப் பார்த்தார், நான் கேப்டனைப் பார்த்தேன். இந்தக் கரையில் இரண்டு பேர் மனம்விட்டுப் பேசிக்கொள்வது இப்படித்தான் இருக்கும்.

"ஆட்டம் வாங்கிட்டியா?"

வீப்கே மேசையைக் காட்டினாள். தீஸ் தன் ரொட்டியைச் சட்டைப் பையில் செருகிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். எடை பார்ப்பது போல ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "என்ன இது?"

நான்தான் சொன்னேன். "'அணை'. ரெண்டு பேருக்கு இதைவிட நல்லது என் கடையில இல்லை. அதிர்ஷ்டம் கிடையாது. எல்லாக் கல்லும் திறந்தே இருக்கும். எதையும் மறைக்க முடியாது, மாத்தவும் முடியாது. மாத்தினா உடனே தெரிஞ்சுடும்."

"நல்ல ஆட்டமா?"

"ரொம்ப நல்ல ஆட்டம்."

"நீ ஜெயிச்சியா?" என்று வீப்கேயைக் கேட்டார்.

"முடிக்கலை."

"ஜெயிச்சிருப்பா," என்றார் கேப்டன். "கேஷே கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னா."

தீஸின் தாடிக்குள் ஏதோ அசைந்தது, சிரிப்பாக இருக்கலாம். பெட்டியை மேசையில் வைத்தார். கயிற்றின் முடிச்சை விரலால் ஒரு முறை தொட்டார். பிறகு அதை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

வீப்கேயின் கையில் ரொட்டிக் காகிதம் கசங்கியது.

"தீஸ்," என்றாள். "உனக்குப் பிடிக்கலைன்னா வேற பாக்கலாம். இல்லை, நீ வரலைன்னா அதையும் இங்கயே சொல்லிடு. படகு வரைக்கும் நடக்க வச்சுட்டுச் சொல்லாதே."

அவர் கடைக்குள் நடந்தார். சீட்டு வகைகளைத் தாண்டினார், மூழ்கும் தீவைத் தாண்டினார். ஒவ்வொரு அலமாரியின் முன்னும் சற்று நின்று, தலையைச் சாய்த்துப் பெட்டிகளின் முதுகைப் படித்தார். கடைசியில் ஜன்னலுக்கு வந்தார். கேப்டனின் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, காட்சிக்கு வைத்திருந்த 'மூடுபனி'யை எடுத்தார். வெயிலில் மூடியின் ஒரு ஓரம் வெளுத்திருந்தது.

வீப்கே அதைப் பார்த்தாள். முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்தது.

"பழையதை நான் அடுப்புல போட்டுட்டேன்," என்றாள், ஏறக்குறையக் கேட்காத குரலில். "ஜூலையிலேயே. நீ போன அன்னைக்கு."

"தெரியும். போன மாசம் சங்கத்து ஆளுங்ககூட குடிலைச் சுத்தம் பண்ணப் போனப்ப சாம்பல்ல ஒரு கட்டை கிடந்துச்சு."

"பின்ன எதுக்கு இது? இதைக் கொண்டுபோய் தினமும் என் முன்னால வைக்கப் போறியா? தண்டனையா?"

"இல்லை."

"அப்ப 'அணை'யைக் கொண்டுபோவோம். அதுல நான் எதுவும் செய்ய முடியாது, தீஸ். நீ கதவைத் திறந்து வச்சுட்டுப் போகலாம், ஒரு மணி நேரம் கழிச்சு வரலாம். ஒண்ணும் செய்யவே முடியாது."

"அதனாலதான் அது வேணாம்," என்றார் தீஸ்.

பெட்டியை அவளுடைய திறந்த பைக்குள், கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் அவரே வைத்தார். அது ஆடாமல் இருக்கும்படி இரண்டு பக்கமும் அழுத்திவிட்டார். பிறகுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் என் கட்டைகளை மேசை மேலயே விட்டுட்டு வெளிய போய்ப் பழகணும், வீப்கே. இல்லைன்னா உன் எண்ணிக்கைக்குக் கீழ நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"